குற்றம் படிக்க என்ன தகுதி?

'பொண்ணு கிரிமினாலஜி படிக்கிறா' என்று யாராவது சொன்னால், நம் ஊரில் வரும் அடுத்த கேள்வி 'அப்ப போலீஸ்ல சேரப்போறாளா?' என்பதுதான். 'இல்லீங்க, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா' என்றால், கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். திருட்டையும் கொலையையும் பற்றி அஞ்சாறு வருஷம் உட்கார்ந்து படிக்க அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள், எதைப் பார்த்துச் சமூகம் 'குற்றம்' என்று கூச்சல் போடுகிறது, எதைக் கண்டும் காணாமல் விடுகிறது, ஜெயிலுக்குப் போனவர் திருந்தித்தான் வருகிறாரா, பறிகொடுத்தவருக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது... எல்லாமே குற்றவியலின் பாடங்கள்தான். தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்குப் பேர்போன இடங்கள், சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலியின் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும்.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் ஒரு பெண்ணுக்கு இதில் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெங்களூருவில் கட்டட வேலை. அம்மா களை எடுக்கப் போகிறவர். இவள் முதுகலை முடித்துவிட்டாள். இனி ஆராய்ச்சி. என்னென்ன வேலிகளைத் தாண்ட வேண்டும்?

முதல் வேலி 'நெட்' தேர்வு. அதில் கிரிமினாலஜியும் ஒரு பாடம். 3 மணி நேரம், 2 தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பானால் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். இந்த மதிப்பெண்ணை வைத்தே முனைவர் பட்டப் படிப்புக்கு ஆள் எடுக்கலாம் என்று 2024-ல் யு.ஜி.சி. அறிவித்தது. உதவித்தொகைத் தகுதி பெறாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு வைத்தால், 2022-ம் வருஷ விதிப்படி பாதிக் கேள்வி ஆராய்ச்சி முறை பற்றியும், பாதி பாடத்திலிருந்தும் வர வேண்டும். உள்ளே நுழைந்த பிறகும் விடமாட்டார்கள். குறைந்தது 12 கிரெடிட் வகுப்புப் பாடம், அதில் 55 சதவிகிதம் எடுத்தால்தான் ஆய்வேட்டை எழுதித் தர முடியும்.

'எல்லாம் மனப்பாடம் சார், இதுல என்ன தகுதி தெரியும்?' என்று திட்டுவது சுலபம். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. நம் அரூர்ப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். தேர்வு இல்லாத காலத்தில் ஆராய்ச்சிக்கு இடம் எப்படிக் கிடைத்தது? தெரிந்தவர் மூலம், துறைத் தலைவருக்குப் பிடித்தவர் மூலம், 'நம்ம பையன்' என்ற ஒரு வார்த்தை மூலம். கம்ப்யூட்டருக்கு அவள் அப்பா யார் என்று தெரியாது. அவள் இங்கிலீஷ் பேசும்போது திணறுவது காதில் விழாது. அவளைக் காப்பாற்றுகிறவை அந்த 70-தான். பயப்பட வேண்டியது நேர்முகத்தின் 30-ஐப் பார்த்து.

ஆக, தேர்வு வேண்டும். என் கேள்வி வேறு. கணிதமோ வேதியியலோ படிக்கிறவருக்கு அறிவு போதும். மூலக்கூறுக்கு மானம் இல்லை, கணக்குக்குக் கண்ணீர் இல்லை. ஆனால் குற்றத்தைப் படிக்கிறவர், மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைக் கேட்கப்போகிறார். அந்தத் திண்ணையில் போய் உட்கார 150 கேள்விகளில் அடங்காத தகுதி ஏதாவது வேண்டாமா?

வேண்டும் என்றே நினைக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டு கேள்விகளுக்கு அவர் பதில் வைத்திருக்க வேண்டும். யார் சொல்வதை நம்புவது? கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதல் கேள்விக்கு அந்த நெட் தேர்வே ஒரு பாடம் நடத்தியது. 2024 ஜூன் 18-ம் தேதி நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நெட் எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து. வினாத்தாள் வெளியாகிவிட்டது என்று சந்தேகம், உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவிலிருந்து தகவல், சி.பி.ஐ. விசாரணை. மாணவர்கள் ஆகஸ்ட்-செப்டம்பரில் மறுபடி எழுதினார்கள். சி.பி.ஐ. விசாரித்ததில் என்ன தெரிந்தது? வினாத்தாள் முன்பே வெளியானதற்கு ஆதாரமாகச் சுற்றிய படம் திருத்தப்பட்டது. தேர்வுக்கு முன்பே கிடைத்ததுபோலக் காட்ட யாரோ வேலை செய்திருக்கிறார்கள்.

குற்றவியல் மாணவர்களும் அந்த 9 லட்சத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வித்தாள் கிடைக்குமா? ஒரு படம் எல்லோரையும் நம்பவைத்தது. நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை, படித்தவர்கள்தான். தண்டனை மட்டும் தப்பே செய்யாதவர்களுக்குப் போனது. பஸ் ஏறி, ரூம் போட்டு, மறுபடி எழுதியது அவர்கள்தானே.

நம்புவதில் ஏற்பட்ட இந்தப் பிழையால் போனது இரண்டு மாதம். இதே பிழை தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் வாழ்க்கையையே கொண்டுபோயிருக்கிறது.

வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் பெரும்படையாக நுழைந்தார்கள். அடி, உதை, சூறை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் உட்பட 133 பேரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஜூன் மாதத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் தர்மபுரிக்கு வந்து, அரசு ஏடுகளை மட்டும் புரட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'வாச்சாத்தி: சந்தனக்கட்டைக் கடத்தல் ஊர். கைதானவர்கள் 133.' புள்ளிவிவரம் கச்சிதமாக இருந்திருக்கும். அட்டவணை போட்டிருக்கலாம். நெட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தவராகவும் இருந்திருப்பார். ஆனால் அந்த அட்டவணையில் குற்றம் செய்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். 18 பெண்களுக்கு நடந்தது ஒரு கட்டத்திலும் வந்திருக்காது. ஏட்டில் ஏறாத குற்றம் அட்டவணையில் எப்படி ஏறும்?

அந்த மக்கள் சொன்னதை முதலில் நம்பியவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும். அரசு மறுத்தது. 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரி மாவட்ட அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள். 126 பேர் வனத்துறை, 84 பேர் போலீஸ், 5 பேர் வருவாய்த் துறை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் நிரூபணமானது.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன், 2023 மார்ச்சில் நேரில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த 215 பேரில் 4 பேர் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள். நாட்டிலேயே கடினமான தேர்வுகளில் ஒன்றை எழுதித் தேறியவர்கள். எதிர்த் தரப்பில் நின்ற பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூட வாசனை குறைவு. அவர்கள் எழுதியதும் ஒரு தேர்வுதான். கோர்ட்டில் கூண்டேறி, வக்கீல்களின் குறுக்கு விசாரணைக்கு நடுவில், தங்களுக்கு நடந்ததைச் சொல்லி, சொன்ன சொல்லில் நின்றார்கள். கைடு கிடையாது, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. ரிசல்ட் வர 19 வருஷம்.

யாரை நம்புவது என்பதில் தடுமாறியது அரசு மட்டுமல்ல, இந்தப் படிப்பும்தான். குற்றவியலின் முன்னோடிகளில் ஒருவரான இத்தாலி நாட்டு லொம்ப்ரோசோ, 1876-ல் வெளியிட்ட புத்தகத்தில் பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டையும் முகத்தையும் அளந்தே கண்டுபிடிக்கலாம் என்றார். அவருக்கும் முன்பே, 1871-ல், வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டான். முகத்தைக்கூட அளக்க வேண்டாம், எந்த ஜாதியில் பிறந்தாய் என்பதே போதும். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆக வேண்டியிருந்தது. அதை அமல்படுத்தியவர்களும் பரீட்சை எழுதிப் பதவிக்கு வந்த கனவான்கள்தான்.

திசையைத் திருப்பியவர் அமெரிக்காவின் எட்வின் சதர்லேண்ட். ஜெயிலில் இருப்பவர்களை மட்டுமே படித்தால் ஏழைதான் குற்றவாளி என்று தோன்றும், கோட்டுப் போட்டவர்களையும் பாருங்கள் என்றார் 1939-ல். 70 பெரிய கம்பெனிகளின் தப்புகளைக் கணக்கெடுத்து 1949-ல் புத்தகம் போட்டார். பதிப்பகம் வழக்குக்குப் பயந்து கம்பெனிகளின் பெயர்களை எடுக்கச் சொன்னது. பெயர்களோடு அது முழுசாக வெளிவந்தது 1983-ல். அப்போது அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

லொம்ப்ரோசோ, சதர்லேண்ட் இருவரும் நெட் பாடத்தில் வருகிறார்கள். 'யார் எந்த வருஷம் சொன்னது, பொருத்துக' என்று கேட்பார்கள். நம் பெண் சரியாகப் பொருத்திவிடுவாள். 'உன் மனசுக்குள்ள இருக்கற லொம்ப்ரோசோ யாரைப் பார்த்தா முழிச்சுக்குவான்?' என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டமானது. கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தர்மபுரி என்றாலே ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பெண் சிசுக்கொலையைத் தேடித்தான் வந்தார்கள். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. நம் பெண் இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறாள் என்று வையுங்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் அறுபது வயது அம்மா ஒருவர், இவள் நாலு தடவை வந்துபோன பழக்கத்தில், குரலைத் தணித்துக்கொண்டு சொல்கிறார்: 'எனக்கும் ஒண்ணு அப்படிப் போச்சு கண்ணு...'

இவள் நோட்டில் எழுதுகிறாள். எழுதியது என்ன? ஆய்வுக்குத் தரவு. சட்டத்தின் கண்ணில், கொலைக் குற்றத்தின் வாக்குமூலம்.

கொலை உள்ளிட்ட சில பெரிய குற்றங்கள் பற்றித் தெரியவந்தால், போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டியது எல்லோருடைய கடமை என்கிறது நம் சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 33-வது பிரிவு. சொல்லாமல் இருக்க நியாயமான காரணம் வேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பும் சொல்லாதவர் தலையில். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆராய்ச்சி மாணவியிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர் விலங்குரிமைப் போராட்டக்காரர்களைப் பேட்டி எடுத்தவர். 1993-ல், அவர்கள் சொன்னதைச் சொல் என்று விசாரணை மன்றம் கேட்டது. 'ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்' என்று மறுத்தார். 159 நாள் ஜெயில். குற்றத்தைப் படிக்கிற படிப்பில் இப்படியும் ஒரு செய்முறைத் தேர்வு வரக்கூடும்.

நம் பெண் என்ன செய்ய வேண்டும்? போலீஸுக்குப் போனால், நம்பிப் பேசிய அந்த அம்மா கூண்டில் நிற்பார். அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய புருஷனும் மாமியாரும் வரதட்சணைக் கணக்கும் வெளியில் நிற்பார்கள். போகாவிட்டால் சட்டப்படி தப்பு. தவிர, செத்தது ஒரு குழந்தை. அதன் பக்கம் பேச யாருமே வேண்டாமா என்ற கேள்வியையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பேசத் தெரியாத அந்தச் சாட்சியை மறந்துவிட்டு அம்மாவுக்காக மட்டும் உருகுவதும் ஒருவகைக் கண்மூடல்தான்.

இதற்கு ஒரே சரியான விடை என்று என்னால் எதையும் டிக் அடிக்க முடியவில்லை. ஆனால் கேள்வி எப்போது வர வேண்டும் என்பது தெரிகிறது. அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் வர வேண்டும். கேட்ட பிறகு யோசித்தால், எதைச் செய்தாலும் யாருக்கோ துரோகம்.

இப்போது ஆராய்ச்சி மாணவர்களுக்கு நெறிமுறைப் பாடம் ஒன்று கட்டாயம். 2019 கடைசியில் யு.ஜி.சி. கொண்டுவந்தது. நல்ல விஷயம். அதன் கண் பெரும்பாலும் காப்பியடிப்பதன் மேல்தான். 2018 விதிப்படி ஆய்வேட்டில் 10 சதவிகிதம் வரை அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போகலாம். அதற்குமேல் போனால் திருத்தி எழுத வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சரி, ஒரு பேராசிரியரின் வாக்கியத்தைத் திருடினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கையை எடுத்து, பட்டம் வாங்கி, வேலை வாங்கி, அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் போனால்? அதை எத்தனை சதவிகிதம் என்று எந்த மென்பொருள் காட்டும்?

'சரிங்க, அப்ப இதையெல்லாம் நுழைவுத் தேர்வுலயே கேட்டுடலாமே' என்று நீங்கள் சொல்லலாம். வேண்டாம். கேட்டால் அடுத்த மாதமே 'நேர்மையாக இருப்பது எப்படி? 500 மாதிரி வினா-விடை' என்று பஸ் ஸ்டாண்டில் விற்பார்கள். நேர்முகத்தில் கேட்டால், உட்கார்ந்திருப்பவர்களின் அபிப்பிராயத்துக்கு ஏற்ப மாணவர்கள் பேசக் கற்றுக்கொள்வார்கள். இல்லாவிட்டால், பிடிக்காத பிள்ளையைக் கழிக்க அது இன்னொரு காரணமாகும். மனசாட்சிக்கு மதிப்பெண் போடும் அதிகாரத்தை யாரிடமும் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

என் யோசனை சின்னது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புப் பாடம் முடிந்து, ஆய்வேடு தொடங்கும் முன் ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள். இங்கேயும் அந்த இடத்தில், கள ஆய்வுக்குக் கிளம்புமுன், ஒரே ஒரு கேள்வி: 'அந்தத் திண்ணையில் நீ சொல்லப்போகும் முதல் அஞ்சு வரியை எழுது. தமிழில்.' மதிப்பெண் வேண்டாம். ஆனால் எழுதாமல் கிளம்பக் கூடாது.

நம் பெண் இப்படி எழுதினால் எனக்குத் திருப்தி: 'அம்மா, நான் படிப்புக்காக வந்திருக்கேன். நீங்க சொல்றதை எழுதுவேன், உங்க பேரைப் போடமாட்டேன். ஆனா பெரிய குத்தம் எதுனா சொன்னீங்கன்னா, அதை மறைக்கச் சட்டத்துல எனக்கு இடமில்லை. அதனால சொல்ல வேணாம்னு தோணுறதைச் சொல்லாதீங்க. இதனால உங்களுக்குப் பணமோ வீடோ வராது, எனக்குத்தான் பட்டம் வரும்.'

இப்படிச் சொன்னால் பாதிப் பேர் பேசமாட்டார்கள். ஆய்வேடு மெலிந்துபோகும். வழிகாட்டிப் பேராசிரியர் கோபிப்பார். ஒரு வருஷம் கூடுதலாகலாம். உதவித்தொகை நின்றுபோனால் அப்பா பெங்களூருவிலிருந்து அனுப்பும் பணத்தில்தான் காலம் தள்ள வேண்டும். இழப்பு நிஜமானது, அதுவும் அவளைப் போன்ற ஒருத்திக்கு ரொம்பவே பெரியது. இருந்தும் அந்த அஞ்சு வரியைச் சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறக்கிறாள் என்றால், அவள் தகுதியை நான் கேள்வி கேட்கமாட்டேன்.

கடைசித் தேர்வு ஒன்றும் இருக்கிறது. ஆய்வேட்டை எழுதி முடித்ததும் வாய்மொழித் தேர்வு. விதிப்படி அது பொது நிகழ்ச்சி. நடப்பதென்னவோ பல்கலைக்கழகத்தின் ஏ.சி. அறையில், இங்கிலீஷில், டீயும் பிஸ்கட்டுமாக. தர்மபுரியைப் பற்றிய ஆய்வு என்றால், அதை முடித்த கையோடு அரூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், தமிழில் இன்னொரு தடவை நடத்தினால் என்ன? சட்டம் தடுக்கவில்லை. செலவு ஒரு பஸ் டிக்கெட். யாருடைய பெயரும் வேண்டாம், கண்டுபிடித்ததை மட்டும் சொன்னால் போதும்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா எழுந்து, 'எங்களைப் பத்தி என்ன கண்ணு எழுதியிருக்கே?' என்று கேட்பார். மூன்று மணி நேரத் தேர்வில் வராத கேள்வி அது. நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடிகிறவளுக்கு 'டாக்டர்' பட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.